பாராட்டு ஏன் உங்களிடம் வந்து சேர்வதில்லை?

மும்பை தாராவியில் பிறந்து வளர்ந்த 31 வயதுப் பெண் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்துக்கு இந்த முறை பதில். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய தாத்தா தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். அம்மா நள்ளிரவு தாண்டியதும் எழுந்து இட்லி அவிக்கிறார். அப்பா அதை சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஹார்ன் அடித்தபடி விடியும் முன்பே விற்கக் கிளம்பிவிடுகிறார். மகள் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்து, பிறகு ஆங்கில வழிக்கு மாறி, பி.காம். முடித்து, இன்று பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸில் ஒரு நிதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் துணை மேலாளராக இருக்கிறார். மித்தி ஆற்றுக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் அலுவலகம். ஆனால் அலுவலகத்தில் யாருக்கும் அவர் தாராவிக்காரர் என்பது தெரியாது. "சயானில் இருக்கிறேன், அப்பா கேட்டரிங் செய்கிறார்" என்று சொல்லி வைத்திருக்கிறார்.

வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. மேலதிகாரி பாராட்டத்தான் செய்கிறார். ஆனால் பாராட்டு வந்தவுடன், "இவர்களுக்கு உண்மை தெரிந்தால் இப்படிப் பேசுவார்களா" என்று மனம் கேட்கிறது. மீட்டிங்கில் வாய் திறப்பதில்லை. தன் ஆங்கிலத்துக்குப் பயந்து ஒரு மின்னஞ்சலை ஐந்தாறு முறை திருத்தித்தான் அனுப்புகிறார். சென்ற ஆண்டு பேசி வந்த ஒரு சம்பந்தம், மாப்பிள்ளை வீட்டார் முகவரியை விசாரித்த பிறகு நின்றுபோனது. இப்போது இன்னொரு சம்பந்தம். தரகரிடம் மாமா இந்த முறையும் "கேட்டரிங்" என்றே சொல்லியிருக்கிறார். பெண் பார்ப்பதையும் வீட்டில் வேண்டாம், மாதுங்கா கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

இதற்கிடையில் ஒரு தன்னம்பிக்கைப் பயிற்சியில் 18,000 ரூபாய் கட்டிச் சேர்ந்திருக்கிறார். தினமும் கண்ணாடி முன் நின்று "நான் உயர்ந்தவள், எல்லோரும் என்னை நேசிக்கிறார்கள்" என்று சொல்லச் சொன்னார்களாம். சொல்லச் சொல்ல அழுகைதான் வந்திருக்கிறது. அடுத்த நிலைக்கு 45,000 ரூபாய் கேட்கிறார்கள். இணையத்தில் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு சோதனையும் செய்து பார்த்திருக்கிறார். 30-க்கு 11. "தன்மதிப்பு மிகக் குறைவு" என்று பதில் வந்திருக்கிறது.

கடிதம் எழுதவைத்தது வேறொரு சம்பவம். அலுவலக வாசலில் சைக்கிளில் இட்லி விற்கும் ஒரு பெரியவர் இவரைப் பார்த்து, "ஏ புள்ள, நீ நம்ம அண்ணாச்சி மகள்லா?" என்று கேட்டிருக்கிறார். உடன் வந்த சகாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவர் காதில் விழாததுபோல் நடந்துவிட்டார். "அன்று இரவு என் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து எனக்கு என் மேலேயே அருவருப்பு. சில நாட்கள் நான் இல்லாமல் போனாலும் யாருக்கும் நட்டமில்லை என்று தோன்றுகிறது. தன்மதிப்பு என்பது எங்கிருந்து வருகிறது? அது எனக்கு மட்டும் ஏன் இல்லை? 31 வயதுக்குப் பிறகு வருமா?" என்று முடிகிறது கடிதம்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்விகளுக்கு வருமுன் ஒன்றைக் கேட்டாக வேண்டும்.

அந்த ஒரு வரி

"நான் இல்லாமல் போனாலும் நட்டமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். சோர்வில் வரும் பேச்சு என்று இதை நான் கடந்துபோக மாட்டேன். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா, எப்படி என்று யோசித்ததுண்டா? ஆம் என்றால் இந்தப் பதிலை மேலே படிப்பதை நிறுத்திவிட்டு 14416 என்ற எண்ணை அழையுங்கள். டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் அது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். வீட்டில் நீங்கள் நம்பும் ஒருவரிடமும் இன்றே சொல்லுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்த அளவில் அது உங்கள் அம்மாவாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

அந்த அளவுக்கு இல்லை என்றாலும் சிலவற்றைக் கவனியுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடக்கிறதா? முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லையா? தூக்கமும் பசியும் மாறிவிட்டனவா? அப்படியானால் உங்களுக்கு இருப்பது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். தன்னைப் பற்றிய கேவலமான நினைப்பு அந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. அது நோய் சொல்லவைப்பது. சிகிச்சையில் நோய் தணியும்போது அந்த நினைப்பும் தணிவதைப் பல பேரிடம் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சயான் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கேஸ் பேப்பர் (வெளிநோயாளிச் சீட்டு) எடுத்துக்கொண்டு போனால் போதும். அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, உங்கள் மனநலம், சிகிச்சை பற்றிய தகவல்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. சட்டம் சொல்லும் ஒருசில விதிவிலக்குகள் தவிர, உங்கள் சம்மதம் இல்லாமல் மருத்துவர் யாரிடமும் சொல்லக் கூடாது.

30-க்கு 11

நீங்கள் செய்து பார்த்தது பெரும்பாலும் மாரிஸ் ரோசன்பர்க் என்ற சமூகவியலாளர் உருவாக்கிய அளவுகோலாக இருக்கும். 1965-இல் வெளியான அவருடைய ஆய்வுக்காக, நியூயார்க் மாநிலத்தின் பத்து உயர்நிலைப் பள்ளிகளில் 5,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேட்கப்பட்ட கேள்விகள் அவை. பெரிய கூட்டத்தை ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல கருவி. அதை வைத்து ஒரு தனி மனிதருக்குத் தீர்ப்பு எழுத முடியாது. அந்தப் பெரியவரைக் கடந்து நடந்த வாரத்தில் நீங்கள் அதை நிரப்பியிருக்கிறீர்கள். 11 வராமல் வேறென்ன வரும்?

ஆனால் ரோசன்பர்க் சொன்ன ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். தன்மதிப்பு நிறைய உள்ளவர் தன்னை மற்றவர்களைவிட உயர்ந்தவர் என்று நினைப்பவர் அல்ல என்றார் அவர். "நான் போதுமானவன், குறைகள் உண்டு, அவற்றோடும் நான் மதிக்கத் தகுந்தவன்" என்று நினைப்பவர்தான் அவர். நீங்களோ "நான் உயர்ந்தவள்" என்ற இடத்துக்குப் போக முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறீர்கள். அங்கே போக வேண்டிய தேவையே இல்லை.

வயதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2018-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு ஆய்வுகளுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட 331 குழுக்களைச் சேர்ந்த 1,60,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. சராசரியாகத் தன்மதிப்பு முப்பது வரை வேகமாகவும், அதன் பிறகு அறுபது வரை மெதுவாகவும் கூடிக்கொண்டேதான் போகிறது. சிறு வயதில் உறைந்துபோய் அப்படியே நிற்கும் ஒன்றல்ல அது.

எங்கிருந்து வருகிறது?

1890-இல் வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்கு ஒரு கணக்கு சொன்னார். நாம் அடைந்ததை, நாம் ஆக விரும்புவதால் வகுத்தால் கிடைப்பது தன்மதிப்பு என்றார். உளவியலில் தன்னைவிட ஒருவர் அதிகம் அறிந்திருந்தால் தனக்கு வலிக்கும் என்றும், கிரேக்க மொழியில் ஒன்றுமே தெரியாதது தன்னைக் கொஞ்சமும் உறுத்தாது என்றும் எழுதினார். எதன் மீது நம்மைப் பணயம் வைக்கிறோமோ, அங்கேதான் அடி விழும். உங்களுக்கு மராத்தி சரளமாக எழுத வராது என்று கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் சொல்கிறீர்கள், அதற்காக வருந்தவில்லை. ஆங்கிலத்தில் ஒரு சொல்லை அழுத்தி உச்சரித்துவிட்டால் இரவெல்லாம் தூக்கம் இல்லை. இரண்டும் தமிழுக்குப் பிறகு உங்களுக்கு வந்த மொழிகள்தானே. ஒன்றின் மீது மட்டும் உங்கள் மதிப்பை ஏற்றி வைத்திருக்கிறீர்கள்.

ஜெனிஃபர் கிராக்கர் என்ற ஆய்வாளர் இதை இன்னும் விரித்தார். ஒருவருடைய மதிப்பு எவற்றின் மேல் தொங்குகிறது என்று அவர் பட்டியல் எடுத்தார். பிறருடைய அங்கீகாரம், தோற்றம், போட்டியில் வெற்றி, படிப்பில் திறமை, குடும்பத்தின் அன்பு, ஒழுக்கம், கடவுளின் அன்பு. எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பதைப் போலவே, அது எதில் தொங்குகிறது என்பதும் முக்கியம். பிறர் அங்கீகாரத்தில் முழுக்கத் தொங்கவிட்டவர், காலையில் மேலாளர் சிரித்தால் எழுவார், மதியம் அவர் சிரிக்காவிட்டால் விழுவார். உங்கள் கடிதத்தில் நான் பார்ப்பது அதைத்தான். உங்களுக்குத் தன்மதிப்பே இல்லை என்று நான் நினைக்கவில்லை. ஒரே ஆணியில் எல்லாவற்றையும் மாட்டியிருக்கிறீர்கள், அந்த ஆணியும் வேறொருவர் கையில் இருக்கிறது.

அப்பா ஒரு நாள்கூட "நல்லா பண்ணினே" என்று சொன்னதில்லை, அதனால்தான் இப்படி ஆகிவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம். பெற்றோரின் பாராட்டுச் சொல்தான் குழந்தையின் தன்மதிப்பைக் கட்டுகிறது என்பது பரவலான நம்பிக்கை. ஸ்டான்லி கூப்பர்ஸ்மித் 1967-இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று விஷயங்கள் முன்னுக்கு வந்தன. குழந்தையைக் குழந்தையாகவே ஏற்றுக்கொள்வது, தெளிவான எல்லைகளை வைத்து அவற்றைக் கடைப்பிடிப்பது, அந்த எல்லைக்குள் குழந்தையின் பேச்சை மதிப்பது. உங்கள் கடிதத்தின் மூன்றாவது பக்கத்தை மறுபடி படியுங்கள். பத்தாவது தேர்வுக்கு முந்தைய மாதங்களில், நீங்கள் தூங்க வேண்டும் என்பதற்காக அடுப்பையும் பாத்திரங்களையும் அத்தை வீட்டுக்கு மாற்றினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பத்துக்குப் பத்து அறையில் வாழும் குடும்பம், பிழைப்பைத் தருகிற அடுப்பையே நகர்த்தியிருக்கிறது. "நீ எங்களுக்கு முக்கியம்" என்பதைச் சொல்ல அந்த வீட்டுக்குத் தெரிந்த முறை அது.

இதைச் சொல்வதால், சொல்லாமல் போன சொற்களுக்காக நீங்கள் வருந்தக் கூடாது என்று அர்த்தமில்லை. குழந்தைக்குச் சொல்லும் வேண்டும். உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் "என்னை யாரும் மதிக்காத வீட்டில் வளர்ந்தேன்" என்ற முடிவு உங்கள் கடிதத்தில் இருக்கும் சான்றுகளோடு பொருந்தவில்லை.

தாராவியில் பிறந்ததாலா?

இங்கேதான் உங்களோடு கொஞ்சம் நேரம் உட்கார விரும்புகிறேன்.

சமூகம் இழிவாகப் பார்க்கும் இடத்தில் பிறந்தவர்களுக்குத் தன்மதிப்பு குறைவாகத்தான் இருக்கும் என்று நெடுங்காலம் உளவியலாளர்களே நம்பினார்கள். 1989-இல் கிராக்கரும் பிரெண்டா மேஜரும் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் எடுத்துப் பார்த்தபோது அது பொதுவாக உண்மையில்லை என்று தெரிந்தது. ஒதுக்கப்பட்டவர்களுக்கு மூன்று பாதுகாப்புகள் இருப்பதாக அவர்கள் சொன்னார்கள். அவமதிப்பு வரும்போது, அது அவமதிப்பவரின் தப்பெண்ணம் என்று அவர்களால் சொல்லிக்கொள்ள முடிகிறது. தங்களைத் தங்களைப் போன்றவர்களோடு ஒப்பிட்டுக்கொள்கிறார்கள். தங்கள் மக்கள் நன்றாகச் செய்வதை உயர்வாக மதிக்கிறார்கள். தாராவியில் இதை நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். அம்பேத்கரின் பெயரையும், 1925-இல் பெரியார் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்தையும் சொல்லிச் சொல்லி, பிறப்பால் யாரும் தாழ்ந்தவரில்லை என்று தலை நிமிர்ந்து நடந்த பெரியவர்கள் நம் தெருக்களில் இருந்தார்கள். அவர்கள் முகவரியை மறைக்கவில்லை.

உங்களிடம் இந்த மூன்று பாதுகாப்புகளும் இல்லை. காரணம் உங்கள் பிறப்பல்ல, ஒளித்துவைத்தல். 1998-இல் வெளியான, ஹார்வர்ட் மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு எனக்கு உங்கள் கடிதத்தைப் படித்ததும் நினைவுக்கு வந்தது. வெளியே தெரியும் அடையாளத்துக்காக ஒதுக்கப்படக்கூடியவர்கள், வெளியே தெரியாத ஒன்றை உள்ளே வைத்திருப்பவர்கள், இரண்டும் இல்லாதவர்கள் என்று அவர்களைப் பிரித்துப் பார்த்தார்கள். குறைந்த வருமானக் குடும்பத்திலிருந்து வந்த மாணவர்கள் இரண்டாவது குழுவில் இருந்தார்கள். மூன்று குழுக்களிலும் தன்மதிப்பு குறைவாக இருந்தது இந்த இரண்டாவது குழுவுக்குத்தான். தங்களைப் போன்றவர்கள் பக்கத்தில் இருக்கும்போது அவர்கள் மனம் தேறியது. ஆனால் மறைத்துவைப்பவருக்குத் தன்னைப் போன்றவர் எதிரே நின்றாலும் அடையாளம் தெரியாது. உங்கள் அலுவலகத்தில் இன்னொரு தாராவிப் பையனோ, கோலிவாடாப் பெண்ணோ "சயான்" என்று சொல்லிக்கொண்டு இருக்கலாம் இல்லையா?

பாராட்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு "இம்போஸ்டர் சிண்ட்ரோம்" இருப்பதாகப் படித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். 1978-இல் பாலின் கிளான்ஸும் சூசான் ஐம்ஸும், சாதித்த பெண்கள் பலர் தங்களைப் போலிகள் என்று உள்ளுக்குள் நம்புவதைப் பற்றி எழுதினார்கள். அது நோயின் பெயரல்ல. அவர்கள் சொன்ன பெண்களுக்கும் உங்களுக்கும் ஒரு வேறுபாடும் இருக்கிறது. உங்களிடம் உண்மையிலேயே மறைத்துவைத்த ஒன்று இருக்கிறது. அதனால் மேலாளர் "அருமையாகச் செய்திருக்கிறீர்கள்" என்றால், அதைச் சயானில் இருக்கும் கேட்டரிங் வீட்டுப் பெண் வாங்கிக்கொள்கிறாள். அவள் நீங்கள் உண்டாக்கிய ஆள். தாராவிப் பெண்ணுக்கு எதுவும் வந்து சேர்வதில்லை. இத்தனைக்கும் கணக்கைச் சரிபார்த்தவள், இரவு உட்கார்ந்து தவறைக் கண்டுபிடித்தவள் எல்லாம் தாராவிப் பெண்தான். எத்தனை பாராட்டு வந்தாலும், எத்தனை பதவி உயர்வு வந்தாலும் இது மாறாது. மேலாளராகிவிட்டால் சரியாகிவிடும் என்று நீங்கள் எழுதியிருப்பதை அதனால்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. உயரம் கூடக்கூட, தெரிந்துவிடுமோ என்ற பயமும் கூடும்.

அந்த இட்லிக்காரப் பெரியவரைக் கடந்துபோனதற்காக உங்களை நீங்களே அருவருப்பதாகச் சொன்னீர்கள். நீங்கள் செய்தது சரியில்லை. அதற்காக வருந்துவது உங்கள் மனசாட்சி நலமாக இருப்பதைக் காட்டுகிறது. ஆனால் "தவறு செய்தேன்" என்பதும் "நானே கேவலமானவள்" என்பதும் இரண்டு வேறு இடங்களுக்குக் கொண்டுபோகும். முதலாவது அந்தப் பெரியவரிடம் திரும்பிப் போகவைக்கும். இரண்டாவது வேறு வாசல் வழியாக உள்ளே போகவைக்கும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பின்வாசலைப் பயன்படுத்துவதாக எழுதியிருந்தீர்கள்.

கண்ணாடியும் 45,000 ரூபாயும்

கட்ட வேண்டாம்.

2009-இல் கனடாவில் ஜோஆன் வுட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும், "நான் அன்புக்குரியவன்" என்பதைப் போன்ற வாக்கியத்தைச் சிலரைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். ஏற்கெனவே தன்மதிப்பு அதிகம் உள்ளவர்களுக்குச் சிறிது நல்ல பலன் கிடைத்தது. குறைவாக உள்ளவர்களில், அப்படிச் சொன்னவர்களுக்குச் சொல்லாதவர்களைவிட மோசமாக இருந்தது. நம்பாத ஒன்றைச் சொல்லும்போது மனம் அதற்கு எதிர்சாட்சி தேடிக் கொண்டுவருகிறது. ஆக, கண்ணாடி முன் உங்களுக்கு அழுகை வந்தது நீங்கள் பயிற்சியைச் சரியாகச் செய்யாததால் அல்ல. அந்த முறை உங்களைப் போன்ற நிலையில் இருப்பவர்களுக்கு ஒத்துவராது.

தன்மதிப்பைத் தனியாக ஏற்றிவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்ற நம்பிக்கை அமெரிக்காவில் ஒரு காலத்தில் மிகப் பெரிதாக இருந்தது. கலிஃபோர்னியா மாநிலம் 1986-இல் இதற்கென்றே ஒரு அரசுக் குழுவை அமைத்தது. பிறகு 2003-இல் ராய் பாமைஸ்டரும் உடன் ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். தன்மதிப்பு அதிகம் உள்ளவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், முயற்சி எடுக்கத் தயங்குவதில்லை என்பது உண்மை. ஆனால் தன்மதிப்பை ஏற்றிவிட்டால் மதிப்பெண்ணோ வேலைத் திறமையோ கூடும் என்பதற்குச் சான்று இல்லை. பெரும்பாலும் நன்றாகச் செய்வதால் மதிப்பு கூடுகிறது, மாறி நடப்பதில்லை. மார்க் லியரி இதை வண்டியின் பெட்ரோல் முள்ளோடு ஒப்பிட்டார். நம்மை மற்றவர்கள் ஏற்றுக்கொள்கிறார்களா என்பதைக் காட்டும் முள் தன்மதிப்பு என்பது அவர் கருத்து. விரலால் முள்ளைத் தள்ளினால் டாங்க் நிரம்பாது.

கட்டிய 18,000 ரூபாய்க்கு, பலன் இல்லாவிட்டால் பணம் திரும்பத் தருவோம் என்று எழுத்தில் வாக்குக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கொடுத்திருந்தும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

பெண் பார்க்க வருபவர்கள்

இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பெண் பார்க்கும் நாளுக்கு முன்பாக உண்மையைச் சொல்லிவிடுங்கள். மாமா வழியாக அல்ல, தரகர் வழியாகவும் அல்ல. அந்தப் பையனிடம் ஒரு முறை பேச வேண்டும் என்று அம்மாவிடம் கேளுங்கள். இந்தக் காலத்தில் அது வழக்கத்துக்கு மாறானதில்லை. "அப்பா சைக்கிளில் இட்லி விற்கிறார், வீடு தாராவியில், வீட்டில் எல்லோரும் தயங்கி வேறு மாதிரி சொல்லிவிட்டார்கள், நேரில் சொல்வதுதான் முறை என்று எனக்குத் தோன்றியது" என்று சொன்னால் போதும். மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்ல வேண்டாம்.

என்ன ஆகலாம்? மறுத்துவிடலாம். மறுத்தால் வலிக்கும். போன முறை பட்ட காயம் மறுபடி திறக்கும். அப்போது அம்மா பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் மறைத்துக் கல்யாணம் முடிந்த பிறகு தெரிந்தால் என்ன ஆகும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அப்போது அவர்கள் கையில் இரண்டு ஆயுதங்கள் இருக்கும், தாராவி ஒன்று, பொய் ஒன்று. தெரியாமலே போனால் அதைவிடக் கஷ்டம். உங்கள் அப்பா உங்கள் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு முறையும் நீங்கள் பேச்சை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இன்று அலுவலகத்தில் எட்டு மணி நேரம் செய்வதை வீட்டிலும் செய்ய வேண்டியிருக்கும். அதற்கு நீங்கள் தாங்க மாட்டீர்கள்.

மாமாவிடம் கோபப்பட வேண்டாம். போன சம்பந்தம் நின்றபோது அவர்தான் அதிகம் அவமானப்பட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள், சபையில் அவர் சொல் பொய்யாகக் கூடாது.

அலுவலகத்தில்

இங்கே நிலைமை வேறு. நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள், அப்பா என்ன செய்கிறார் என்பதைச் சகாக்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை எதுவும் உங்களுக்கு இல்லை. ஒரு நாள் எல்லோரையும் கூட்டி அறிவிக்கவும் வேண்டாம். முகவரியைச் சொன்னதும் சிலர் மாறத்தான் மாறுவார்கள். நீங்கள் கல்லூரியில் ஊர்ப் பெயரைச் சொன்னபோது ஆசிரியரே சிரித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் கற்பனையில் பிறந்ததல்ல. ஆனால் சொல்லாமல் இருப்பது வேறு, பொய்யான ஓர் ஆளைப் பராமரிப்பது வேறு. இனி கேட்டரிங் கதையைப் புதிதாக யாரிடமும் சொல்லாதீர்கள், அதுவே முதல் படி.

பிறகு ஒருவரை மட்டும் தேர்ந்தெடுங்கள். மதிய உணவைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு தோழியைப் பற்றி எழுதியிருந்தீர்கள், அவராக இருக்கலாம். சொல்வதற்கு முன் ஒரு நோட்டில் எழுதுங்கள்: என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன், எவ்வளவு நிச்சயமாக நம்புகிறேன். சொன்ன பிறகு என்ன நடந்தது என்பதை அதற்குக் கீழே எழுதுங்கள். மின்னஞ்சலுக்கும் இதே முறைதான். ஐந்து முறை திருத்துவதை ஒரு முறையாகக் குறைத்து அனுப்பிப் பாருங்கள். மீட்டிங்கில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். பயந்தது நடந்தால் அதையும் எழுதுங்கள். உங்களைப் பற்றிய உங்கள் தீர்ப்பு சிறு வயதில் எழுதப்பட்டு, அதற்குப் பிறகு விசாரணையே நடக்காமல் கிடக்கிறது. ஒளித்துவைப்பதால் புதிய சாட்சி உள்ளே வர வழியில்லாமல் போயிற்று. நோட்டின் வேலை அந்தச் சாட்சிகளைப் பதிவு செய்வது.

முன்வாசல் வழியாகப் போங்கள். அந்தப் பெரியவரிடம் இட்லி வாங்குங்கள். "அன்னைக்குக் கேட்டீங்களே அண்ணாச்சி, ஆமா, அவர் மகதான்" என்று சொல்லுங்கள். முதல் நாள் சகாக்கள் யாரும் இல்லாத நேரமாக இருந்தாலும் பரவாயில்லை.

ஆலோசகரிடம் போக நினைத்தால், அவர் மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, நல்லவர்கள் கோபப்பட மாட்டார்கள். அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்னும் முறையில் தன்மதிப்புக் குறைவுக்கென்றே மெலனி ஃபென்னல் வகுத்த ஒரு வழி இருக்கிறது. நான் மேலே சொன்ன நோட்டு வேலை அந்த வழியைச் சேர்ந்ததுதான். அதில் பயிற்சி உள்ளவரா என்றும் கேட்கலாம். தமிழில் பேசக்கூடியவராகக் கிடைத்தால் நல்லது, ஏனென்றால் உங்களுக்கு வலிக்கும் பேச்செல்லாம் தமிழில்தான் நடந்திருக்கிறது. முதல் சந்திப்பிலேயே தாராவி என்று சொல்லிவிடுங்கள். சொன்னதும் அவர் முகத்தில் மாற்றம் தெரிந்தால் வேறொருவரைத் தேடலாம், அதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்த நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.